ஔடத தானமும் கல்வராயன் கடுக்காயும்

சமண நெறி இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு. அவை ஆகார தானம், அபய தானம், சாத்திர தானம், ஔடத தானம் என்பன. இவற்றுள் ஔடத தானம் தமிழ்நாட்டுச் சமணச் சான்றோரின் உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அவர்கள் தம் நூல்களுக்குச் சூட்டிய பெயர்களே சான்று. காரியாசான் இயற்றிய அறநூல் சிறுபஞ்சமூலம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்து வேர்களும் கூடி உடற்பிணி தீர்ப்பது போல, பாட்டுக்கு ஐந்தாகச் சொல்லப்பெறும் அறங்கள் உளப்பிணி தீர்க்கும் என்பது அப்பெயரின் கருத்து. கணிமேதாவியார் இயற்றிய ஏலாதி, ஏலம் ஒன்று, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என ஏறுமுகமாக அளந்து கலந்த சூரணத்தின் பெயரைத் தாங்கி நிற்பது. இவ்விருவரும் மாக்காயனாரின் மாணாக்கர், சமணர். அறத்தை மருந்தாகவும் மருந்தை அறமாகவும் கண்ட மரபு அது.

அம்மரபின் வழிவந்த இல்லங்களில் இன்று ஒரு கேள்வி எழுகிறது. மஞ்சளும் சுக்கும் கடுக்காயும் பெருங்குடற் புற்றுநோயைத் தடுக்கும் என்று பலரும் சொல்கின்றனர். சிலர் அதனைத் தீர்க்கும் என்றே உறுதி கூறுகின்றனர். இக்கூற்றில் மெய் எவ்வளவு? ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றான வாய்மை, மருந்தைப் பற்றிய சொல்லுக்கும் உரியது. மருந்து குறித்த மிகைச்சொல்லை நம்பி ஒருவர் உரிய காலத்தில் மருத்துவரை நாடாது போவாராயின், அங்கே பொய்ம்மையோடு கொலைக்குற்றமும் சேர்கிறது. எனவே இப்பொருளின் வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குதல் தகும்.

மலையின் துவர்க்கனி

2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி, சமணர்க்குப் புதிய ஊரன்று. உளுந்தூர்பேட்டைப் பகுதியில் குன்றின்மேல் அமைந்த திருநறுங்கொண்டையில் பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்னும் பெயரில் வழிபடப்பெறுகிறார். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் அத்தலத்தின் தொன்மையைப் பேசுகின்றன. அம்மாவட்டத்தின் மேற்கெல்லையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை ஓங்கி நிற்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்கும் இம்மலையின் பெரும்பகுதி ஏறத்தாழ 2000 முதல் 3000 அடி வரை உயர்ந்தது. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரள நாட்டவரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் என்னும் பொருளது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவர்தம் வாய்மொழி மரபு.

இம்மலைக்காட்டில் கிடைக்கும் சிறு வனப்பொருள்களுள் குறிப்பிடத்தக்கது கடுக்காய். பனிக்காலத்தில் முற்றத் தொடங்கி, வேனிலுக்கு முன்னர் உதிர்ந்து கிடக்கும் காய்களை மலைமக்கள் பொறுக்கி உலர்த்தி விற்கின்றனர். உலர்ந்த காயின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்து. தோல் பதனிடுவோர் அதனை நாடியதும், சாயத் தொழிலாளர் துணியில் நிறம் பற்ற அதனைப் பயன்படுத்தியதும், ஏடெழுதுவோர் அதனை இரும்புச் சத்துடன் கூட்டிக் கரிய மை செய்ததும் அத்துவர்ப்பினால்தான். அதே துவர்ப்பே மருத்துவர் கைக்கும் கடுக்காயைக் கொண்டுசேர்த்தது. நெல்லி, தான்றி இவற்றுடன் கூடித் திரிபலை ஆவது இக்காயே.

காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்பது சித்த மருத்துவம் தமிழகம் முழுவதும் பரப்பிய ஒழுங்கு. கடுக்காயைப் பயன்படுத்துமுன் அதன் கொட்டையை நீக்க வேண்டும், சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும் என்பதும் அம்மருத்துவத்தின் விதி. முன்னதற்கு உள்ளே நஞ்சு, பின்னதற்கு வெளியே நஞ்சு என்று அவர்கள் பிரித்தறிந்தனர். மருந்தாகும் பொருளிலும் விலக்கத்தக்க பகுதி உண்டு என்னும் இவ்வெச்சரிக்கை, பழைய மருத்துவத்தின் பேரறிவுகளுள் ஒன்று.

சிராவகர் இல்லத்து உலர்பொருள்கள்

சமண இல்லத்தார் இவ்வொழுங்கைத் தம் விரதத்திற்கு ஏற்ப ஏற்றுக்கொண்டனர். ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றை விலக்குமாறு கூறுமிடத்தில் முள்ளங்கியுடன் ஈர இஞ்சியையும் சேர்த்துச் சொல்கிறது. தமிழில் அதன் வழிவந்த நூல் அருங்கலச்செப்பு. மண்ணுக்குள் வளரும் பச்சைக் கிழங்கில் எண்ணிறந்த உயிர்கள் உறைகின்றன என்பது அதன் காரணம். ஆனால் உலர்ந்து உயிர் நீங்கிய சுக்கும், வேகவைத்து வெயிலில் காயவைத்த மஞ்சளும் விலக்கப்படவில்லை. மாலையில் கொள்ளும் கடுக்காயும் கதிரவன் மறையுமுன் கொள்ளப்பட்டது. வடிகட்டிய நீரில் கடுக்காய்ப் பொடியையோ இலவங்கப் பொடியையோ இட்டுப் பிராசுகமாக்கும் வழக்கமும் திகம்பரர் மரபில் உண்டு.

இவ்விதிகளின் நோக்கம் கொல்லாமையே. புற்றுநோய்த் தடுப்பு அன்று. முன்னோர் புற்றுநோயை முன்னறிந்தே இவ்வாறு விதித்தனர் என்று சொல்வது அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினும், அவர்தம் அறத்தின் உண்மையான காரணத்தை மறைத்துவிடும். எனினும், இவ்விதிகளால் இவ்வில்லங்களின் அஞ்சறைப்பெட்டியில் நிலைபெற்ற பொருள்கள் சிலவற்றையே இன்றைய ஆய்வுக்கூடங்களும் ஆராய்ந்து வருகின்றன என்பது வரலாற்றின் சுவையான ஒரு திருப்பம்.

அழற்சியும் புற்றும்

அடிபட்ட இடம் சிவந்து, வெம்மையுற்று, வீங்கி, வலிப்பதை அழற்சி என்பர். அது உடலின் காவல். பகை நீங்கியதும் காவலர் கலைந்து செல்ல வேண்டும். கலையாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றால் காவலே கேடாகிறது. புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதைக் கண்ட செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ, நாள்பட்ட அழற்சி உள்ள இடத்திலேயே புற்று முளைக்கிறது என்னும் கருத்தை 1863ஆம் ஆண்டில் முன்வைத்தார். 1925ஆம் ஆண்டில் குரோன், ரோசன்பர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், பெருங்குடல் அழற்சிப் புண்ணால் நெடுநாள் வருந்திய ஒருவருக்கு அவ்விடத்திலேயே புற்று உண்டானதைப் பதிவுசெய்தனர்.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அவ்வழற்சிப் புண் உடையோருள் 10 ஆண்டுகளில் நூற்றுக்கு 2 பேருக்கும், 20 ஆண்டுகளில் 8 பேருக்கும், 30 ஆண்டுகளில் 18 பேருக்கும் புற்று வரக்கூடும் எனக் கணித்தது. பின்வந்த ஆய்வுகள் இதனினும் குறைந்த அளவையே காட்டின. அழற்சியை மருந்தால் அடக்கியதும் குடலை அவ்வப்போது சோதித்து வந்ததும் அதற்குக் காரணங்களாகக் கருதப்பெறுகின்றன. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஒன்று, உயிரணுவுக்குள் அழற்சியைத் தூண்டும் ஒரு விசையைக் குடற்சுவர் அணுக்களில் நீக்கிவிட்டால் எலிகளுக்குக் கட்டிகள் பெரிதும் குறைகின்றன என்று மெய்ப்பித்தது. அழற்சியைத் தணித்தால் புற்றை முன்கூட்டியே தடுக்கலாகுமோ என்னும் நம்பிக்கைக்கு இவ்வாறு அடித்தளம் அமைந்தது.

லக்னோ முதல் ஐதராபாத் வரை

இந்நம்பிக்கையின் கதையில் இந்திய ஆய்வுக்கூடங்களுக்குச் சிறந்த பங்கு உண்டு. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினை 1815ஆம் ஆண்டிலேயே ஐரோப்பியர் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு 1910ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. ஆயினும் அது அழற்சியைத் தணிக்கும் என்பதை 1973ஆம் ஆண்டில் முறையாக ஆராய்ந்து வெளியிட்டவர்கள் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சிரீமல், தவான் ஆகியோர். 1985ஆம் ஆண்டில் திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் இராமதாசன் குட்டனும் அவர்தம் குழுவினரும் மஞ்சளின் சாறு புற்றணுக்களின் வளர்ச்சியை ஆய்வுக்கூடத்தில் தடுப்பதை எடுத்துக்காட்டினர். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிந்தலபள்ளி இராவ் முதலியோர், உணவோடு குர்க்குமின் உண்ட எலிகளுக்குப் பெருங்குடற் கட்டிகள் குறைவதைக் கண்டனர்.

எனினும் குர்க்குமினுக்கு ஒரு குறை உண்டு. வாய்வழி உட்கொண்டால் அது குருதியில் மிகச் சிறிதளவே சேரும். 1998ஆம் ஆண்டில் பெங்களூர்த் தூய யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர், 2 கிராம் குர்க்குமினுடன் மிளகின் காரப்பொருளாகிய பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, அது மனிதர் உடலில் சேரும் அளவு இருபது மடங்கு கூடுவதைக் கண்டறிந்தனர். மஞ்சளும் மிளகும் ஒரே கலத்தில் கூடும் இரசம் நினைவுக்கு வராமற் போகாது. ஆனால் இரசத்தில் இடும் மஞ்சளின் அளவு மிகச் சிறிது. அதிலும் குர்க்குமின் நூற்றுக்குச் சில பங்கே. ஆய்வில் தந்த அளவை அடுக்களை தருவதில்லை.

கடுக்காயின் முறை 2009ஆம் ஆண்டில் வந்தது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பல்லு ரெட்டன்னாவின் குழுவினர் கடுக்காயிலிருந்து செபுலாஜிக் அமிலம் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். உடலில் அழற்சியை வளர்க்கும் நொதிகளுள் காக்ஸ், லாக்ஸ் என்னும் இருவகையையும் அது ஒருசேரத் தடுத்தது. மனிதப் பெருங்குடற் புற்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களைத் தாமே மடியவும் செய்தது. துவர்ப்புக்குக் காரணமான இத்தகைய பொருள்களினின்று எல்லாஜிக் அமிலம் பிறக்கும். அதனைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சில யூரோலித்தின் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இன்ஸ்டெம் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, யூரோலித்தின் குடற்சுவரின் அணுக்களிடையே உள்ள பிணைப்பை இறுக்கி எலிகளின் குடல் அழற்சியைத் தணிப்பதைக் காட்டிற்று. ஆயின் அந்த நுண்ணுயிர்கள் எல்லார் குடலிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே கடுக்காய் ஒருவர்க்குத் தரும் பயனை மற்றவர்க்குத் தராமலிருக்கலாம். ஒருவர் உடல்நிலை அறிந்தே மருந்தைத் தெரிவு செய்த பழைய மருத்துவர்க்கு இது வியப்பாக இராது.

மெய்ம்மையின் எல்லை

இவையெல்லாம் நம்பிக்கை தரும் செய்திகள். ஆனால் கண்ணாடிக் கிண்ணத்து அணு மனிதன் அன்று. எலியும் மனிதன் அன்று. மனிதரிடையே நடந்த சோதனைகள் சொல்வது என்ன?

2006ஆம் ஆண்டில் சப்பானில், பெருங்குடல் அழற்சிப் புண் தணிந்த நிலையிலிருந்த 89 பேர் ஓர் ஆய்வில் பங்குபெற்றனர். எல்லாரும் வழக்கமான மருந்தைத் தொடர்ந்து உண்டனர். ஒரு பிரிவினர் அதனுடன் நாளொன்றுக்கு 2 கிராம் குர்க்குமினும் உண்டனர். ஆறு திங்களின் முடிவில் குர்க்குமின் உண்டோருள் 43 பேரில் இருவர்க்கும், வெற்றுப்பொடி உண்டோருள் 39 பேரில் எண்மர்க்கும் நோய் மீண்டது. இது நற்செய்திதான். எனினும் குர்க்குமின் இங்கே மருந்துக்குத் துணையாக வந்ததேயன்றி, மருந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. மேலும் அது அழற்சியைப் பற்றிய சோதனை, புற்றைப் பற்றியதன்று.

குடலில் நூற்றுக்கணக்கில் முளைகள் தோன்றிப் புற்றாக மாறும் ஒரு பரம்பரை நோய் உண்டு. 2006ஆம் ஆண்டில் அந்நோயாளர் ஐவரிடம் குர்க்குமினை மற்றொரு தாவரப்பொருளுடன் கொடுத்துச் சோதித்தபோது முளைகள் குறைந்தன. உலகமே மகிழ்ந்தது. ஆனால் அதே ஆய்வாளர் குழு 2018ஆம் ஆண்டில் 44 பேரிடம் ஓராண்டு முறையாகச் சோதித்தபோது, குர்க்குமின் உண்டோர்க்கும் உண்ணாதார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. தம் முதல் நம்பிக்கையைத் தாமே திருத்திக்கொண்டு அதனை வெளியிட்ட நேர்மை போற்றத்தக்கது. எல்லாரும் அவ்வாறு இருந்தாரல்லர். மஞ்சளைப் பற்றி அயல்நாட்டு ஆய்வகம் ஒன்று வெளியிட்ட கட்டுரைகள் பல, அவற்றின் படங்களில் குறை காணப்பெற்றுத் திரும்பப் பெறப்பட்டன. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை அளவின்றி உண்டு கல்லீரல் பழுதுற்றோரைப் பற்றிய பதிவுகள் இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வந்துள்ளன. குழம்பில் இடும் மஞ்சள் வேறு. புட்டியில் அடைத்த செறிவு வேறு. கடுக்காய்க்கோ புற்றுத்தடுப்பு குறித்து மனிதரிடையே பெருஞ்சோதனை எதுவும் இதுகாறும் உறுதியான விடை தரவில்லை.

ஒரு பொருளை ஒரு கோணத்தினின்று மட்டும் நோக்கி அதுவே முழுமை என்று சாதிப்பதை அநேகாந்தம் மறுக்கிறது. பாட்டி வைத்தியம் என்று எள்ளுவோர் ஒரு பக்கத்தையே கண்டனர். எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று முழங்குவோர் மற்றொரு பக்கத்தையே கண்டனர். அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் இவற்றில் உள்ளன என்பது ஒரு நோக்கில் உண்மை; புற்றைத் தடுக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை என்பது மற்றொரு நோக்கில் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறை.

எலிகளின் துயர்

சமணர் மறக்கவொண்ணாத ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. இவ்வறிவின் பெரும்பகுதி எலிகளின் வேதனையால் வந்தது. குடிக்கும் நீரில் குடலைப் புண்ணாக்கும் பொருளைக் கலந்து கொடுத்து, புற்றை வருவிக்கும் மருந்தையும் ஊசிவழிச் செலுத்தி, பின் அவற்றின் குடலை அறுத்துக் கட்டிகளை எண்ணுவதே அச்சோதனையின் முறை. அதன் பயனைத் துய்ப்போர் அதன் விலையை அறியாதிருத்தல் தகாது.

ஆறுதலான செய்தி, இவ்வழியும் மெல்ல மாறி வருகிறது. 2009ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர், குடலின் மூல அணு ஒன்றிலிருந்தே குடற்சுவரை ஒத்த சிற்றுருவங்களைக் கிண்ணத்தில் வளர்க்கும் முறையைக் கண்டனர். மனிதக் குடலின் அணுக்களைக் கொண்டும் இவ்வுருவங்களை வளர்த்து அவற்றின்மேல் மருந்தைச் சோதிக்கலாம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவும், 2023ஆம் ஆண்டில் இந்தியாவும், புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை அல்லாத வழிகளையும் ஏற்கும்வகையில் தம் விதிகளைத் திருத்தின. கொல்லாமையும் அறிவியலும் எதிர்த்திசையில் செல்ல வேண்டியதில்லை என்பதற்கு இஃதொரு தொடக்கம்.

காடு பொறுக்கும் கைகள்

மற்றொரு கடமையும் உண்டு. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கும் கைகளுக்கும், அக்கடுக்காய் மாத்திரையாகிப் பளபளக்கும் புட்டிகளுக்கும் இடையே தொலைவு மிகப் பெரிது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம், உயிர்வளத்தைப் பயன்படுத்தி வணிகம் செய்வோர் அதனைக் காத்துவந்த மக்களுக்கும் பயனில் பங்கு தரவேண்டும் என்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களைத் திரட்டவும் விற்கவும் மலைமக்களுக்கு உரிமை அளிக்கிறது. 2013-14 முதல் நடுவண் அரசு சிறு வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வகுத்தபோது, முதற் பட்டியலிலேயே கடுக்காயும் இடம்பெற்றது. சட்டம் ஏட்டில் உள்ளது. அது காட்டுக்குள் சென்று சேர்வதற்கு, வாங்குவோரின் நேர்மையும் வேண்டும். கள்ளாமை என்னும் அணுவிரதம் எடைக்கல்லுக்கும் உரியதன்றோ!

இன்றைய ஔடத தானம்

2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 19 இலட்சம் பேருக்கு மேல் பெருங்குடல், மலக்குடல் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சம் பேருக்கு மேல் அதனால் உயிர் நீத்தனர். பதப்படுத்திய இறைச்சி இப்புற்றுக்குக் காரணமாகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. புலால் மறுத்த இல்லங்களுக்கு இது ஒரு காப்பே. ஆயின் முழுக்காப்பு அன்று. மரக்கறி உண்போர்க்கும் இந்நோய் வருகிறது. ‘நமக்கு வராது’ என்னும் எண்ணமே பல வீடுகளில் நோய் முற்றுவதற்கு இடம் தந்துவிடுகிறது.

மலத்தோடு குருதி கலத்தல், மலம் கழியும் பழக்கம் காரணமின்றி மாறி நீடித்தல், உடல் மெலிதல், சோகை காணல் ஆகியன தோன்றினால் நாணமின்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘மூலமாக இருக்கும்’ என்று தாமே முடிவுகட்டிப் பொடியுண்டு காலம் போக்குதல் கூடாது. பெருங்குடல் அழற்சிப் புண் உடையோர், நோய் தொடங்கி எட்டாண்டு ஆனபின் உட்குழாய்ச் சோதனையைக் குறித்த கால இடைவெளியில் செய்துகொள்ளுதல் நலம் என மருத்துவ நெறிகள் அறிவுறுத்துகின்றன. சோதனையில் முளை காணின் அங்கேயே அகற்றிவிடலாம். முளையிலேயே கிள்ளப்பட்டது மரமாவதில்லை. மஞ்சளோ கடுக்காயோ மருந்தளவில் கொள்ள விரும்புவோர், ஏற்கெனவே உண்ணும் மருந்தை நிறுத்தாமல், தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டே கொள்ளுதல் வேண்டும்.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லா. மருந்தின்மேல் வைக்கும் நம்பிக்கைக்கும் ஞானம் துணையாக வேண்டும். அந்த ஞானம் ஒழுக்கமாக மலர வேண்டும். முற்காலத்துச் சிராவகர் சூரணம் இடித்துப் பிணியுற்றோர்க்கு வழங்கியது ஔடத தானம். அச்சத்தாலும் வறுமையாலும் சோதனைக்குச் செல்லத் தயங்கும் ஒருவரை இன்று கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், சோதனைக்குரிய செலவை ஏற்பதும், மருந்தைப் பற்றிய மெய்யை மிகையின்றிச் சொல்வதும் அதே தானமே. ஏலாதியின் சுக்கும் மிளகும் உடலுக்கு. அப்பெயரால் சொல்லப்பெற்ற அறமோ உயிருக்கு. இரண்டையும் கலந்து தந்தவர்கள் சமணச் சான்றோர்.